சட்டப்படி சரி என்றால் போதாதா?

வணிகவியல் முதலாமாண்டு படிக்கும் ஒருவர் கேட்டது இதுதான்: வணிகச் சட்டமும் வணிக அறமும் எங்களுக்கு ஒரே தாள், சட்டப் பகுதி முழுக்க மனப்பாடமாக இருக்கிறது, அறப் பகுதி முழுக்க அறிவுரையாக இருக்கிறது, இரண்டையும் எப்படிப் புரிந்துகொள்வது, அதோடு, சட்டப்படி ஒழுங்காக நடந்தால் போதாதா, அறம் என்று தனியாக ஒன்று எதற்கு?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக வரிசைக்கு வந்துவிடும். சட்டம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது. யாரோ ஒருவர் ஏமாந்து, அல்லது அடிபட்டு, நீதிமன்றப் படியேறி, வருடக்கணக்கில் அலைந்த பிறகுதான் ஒரு விதி பிறக்கிறது. நீங்கள் உருப்போடுகிற விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆள் அடிபடுவதற்கு முன்பே, எந்தச் சட்டமும் கேட்காத நேரத்தில், "இது அவரைப் பாதிக்குமே" என்று யோசிப்பதைத்தான் வணிக அறம் என்கிறோம். அதனால் நான் எப்போதும் மாணவர்களிடம் சொல்வது, விதியைப் படிப்பதற்கு முன்னால் வழக்கின் கதையைப் படியுங்கள். யார், என்ன வாங்கினார், என்ன ஆனது. அது தெரிந்தால் விதி மறக்காது.

ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1891 நவம்பரில் லண்டன் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. கார்பாலிக் ஸ்மோக் பால் என்று ஒரு சாதனம், ரப்பர் பந்துக்குள் கார்பாலிக் அமிலம் கலந்த பொடி, குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அழுத்தினால் பொடி புகை மாதிரி உள்ளே போகும். இன்ஃப்ளூயன்சா பரவியிருந்த காலம் அது. இதைத் தினம் மூன்று தடவை, இரண்டு வாரம், கூடவே தரப்படும் குறிப்பின்படி பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், நாங்கள் சொல்வது உண்மை என்பதற்கு அடையாளமாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம் என்றது விளம்பரம். திருமதி கார்லில் வாங்கினார். நவம்பர் 20-ம் தேதியிலிருந்து தினம் மூன்று தடவை பயன்படுத்தினார், இரண்டு வாரம் கேட்ட இடத்தில் எட்டு வாரம். ஜனவரி 17-ம் தேதி அவருக்கு இன்ஃப்ளூயன்சா வந்தது. பணத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை, வழக்குப் போட்டார்.

நிறுவனம் என்ன சொன்னது என்று பாருங்கள், ஏனென்றால் அவர்களுடைய ஒவ்வொரு சாக்கும் உங்கள் புத்தகத்தில் ஒரு தலைப்பு. அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். நிஜமில்லை என்றால் வங்கியில் 1,000 பவுண்டு எதற்கு என்று கேட்டது நீதிமன்றம். உலகத்துக்கே ஒப்பந்தம் போட முடியாது என்றார்கள். உலகத்துக்கே முனைவு, அதாவது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு, வைக்கலாம், யார் நிபந்தனையை நிறைவேற்றுகிறாரோ அவரோடு ஒப்பந்தம் பிறக்கும் என்றது. ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லையே என்றார்கள். ஒரு செயலைச் செய்யச் சொல்லி முனைவு வைத்தால் அந்தச் செயலே ஏற்பு, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றது. எங்களுக்கு என்ன மறுபயன் கிடைத்தது என்றார்கள். அவர் உங்கள் பேச்சை நம்பி அந்தப் பொடியை இழுத்துச் சிரமப்பட்டாரே, அதோடு உங்கள் பொருளும் விற்றதே என்றது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த அம்மாவுக்கு 100 பவுண்டு கிடைக்கத் தீர்ப்பளித்தார்கள்.

முனைவு, ஏற்பு, மறுபயன், சட்ட உறவை உருவாக்கும் எண்ணம், நான்கும் இந்த ஒரே கதையில் வந்துவிட்டன. மறுபயன் என்ற சொல்தான் பலரைக் குழப்புகிறது. பழைய பத்திரங்களில் பிரதிப்பிரயோஜனம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்: நீ எனக்கு ஒன்று செய்வதற்கு ஈடாக நான் உனக்குச் செய்வது, அல்லது விட்டுக்கொடுப்பது. அது சமமான மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை, ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். விலை நியாயமா என்று சட்டம் பொதுவாகப் பார்ப்பதில்லை, அந்தக் கேள்வி முழுக்க அறத்தின் பக்கம் விழுந்துவிடுகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடை அலமாரியில் விலைச்சீட்டோடு பொருள் வைத்திருப்பது முனைவு ஆகாது, "வாருங்கள், விலை பேசலாம்" என்ற அழைப்புதான். நீங்கள் எடுத்துக் கல்லாவில் நீட்டும்போதுதான் முனைவு பிறக்கிறது. 1953-ல் இங்கிலாந்தில் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இது தெளிவானது. குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது பொதுவாக ஒப்பந்தமாகாது. இலங்கையில் வேலை பார்த்த ஒருவர், இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிப் பிறகு நிறுத்தியபோது, கணவன் மனைவிக்குள் இப்படிப் பேசும்போது நீதிமன்றம் போகும் எண்ணம் இருப்பதில்லை என்று 1919-ல் பால்ஃபோர் வழக்கில் சொன்னார்கள். சிறுவயதினர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது இந்தியாவுக்கு 1903-ல், அப்போது இறுதி மேல்முறையீடு போன லண்டன் மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, மோஹரி பீபி வழக்கு. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதத்தால் ஏற்பட்ட ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம், விரும்பினால் தொடரலாம். செல்லாதது வேறு, ரத்து செய்யத்தக்கது வேறு. முதலாவது பிறக்கவே இல்லை, இரண்டாவது பிறந்துவிட்டது, ஆனால் அதன் ஆயுள் ஏமாந்தவர் கையில் இருக்கிறது. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பொய் சொல்லக் கூடாது, சரி. சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தால்?

இது இரண்டாயிரம் வருடம் பழைய கேள்வி. ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44-ல் இதை எழுதியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறார். சொன்னால் விலை இறங்கிவிடும், சொல்லாவிட்டால் நல்ல லாபம். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற தத்துவ ஆசிரியர், சட்டம் கேட்கிற அளவுக்கு குறைகளைச் சொன்னால் போதும், ஏமாற்றாமல் விற்றால் போதும், மறைப்பது வேறு சொல்லாமல் இருப்பது வேறு என்றார். அவருடைய மாணவரான ஆன்டிபேட்டர், வாங்குபவருக்குத் தெரியாதது எதுவும் விற்பவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது என்றார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார்.

இதே கதை 1815-ல் நியூ ஆர்லியன்சில் நிஜமாகவே நடந்தது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர், துறைமுகம் முற்றுகையில், புகையிலை விலை தரையில். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி ஆர்கன் என்ற வியாபாரிக்கு அதிகாலையிலேயே கிடைத்துவிட்டது. அவர் நேராகப் போய் லெய்ட்லா நிறுவனத்திடம் 111 பீப்பாய் புகையிலை வாங்கினார். விலை ஏறும்படி ஏதாவது செய்தி உண்டா என்று எதிர்த் தரப்பு கேட்டது, அவர் மௌனமாக இருந்தார். செய்தி ஊருக்குத் தெரிந்ததும் விலை 30 முதல் 50 சதவீதம் ஏறியது. 1817-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி மார்ஷல், வெளியிலிருந்து யாரும் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தியை வாங்குபவர் தானாகச் சொல்ல வேண்டிய கடமை இல்லை, ஆனால் மற்றவரைத் தவறாக நம்பவைக்கும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றார். அந்தக் கோட்டைத் தாண்டினாரா என்று பார்க்க வழக்கு மறுவிசாரணைக்குப் போனது. ஆக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத மௌனமே ஒருவகைப் பேச்சா என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. என் அபிப்பிராயம், கேள்வி வந்த பிறகு மௌனமாக இருப்பது பொய்க்குப் பக்கத்து வீடு. கேட்காதபோது சும்மா இருப்பதைப் பற்றி நேர்மையானவர்களே கருத்து வேறுபடுவார்கள். சட்டமும் காலப்போக்கில் ஆன்டிபேட்டர் பக்கமாக நகர்ந்திருக்கிறது. காப்பீடு எடுப்பவர் தன் உடல்நிலையை மறைக்கக் கூடாது என்பது, பங்கு வெளியிடும் நிறுவனம் எல்லா முக்கியத் தகவலையும் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் அந்த நகர்வுதான்.

இந்த இடத்தில் என் வேலையிலிருந்து ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒப்பந்தங்களைப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவது என் பொறுப்பு. ஒரு சின்ன சப்ளையருடன் போட இருந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இப்படி இருந்தது: "பொருள் ஏற்கப்பட்டதற்கான சான்று வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தொகை வழங்கப்படும்." படித்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை யார், எத்தனை நாளுக்குள் வழங்க வேண்டும் என்று முப்பது பக்கத்திலும் எங்கேயும் இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஓரத்தில் "நமக்குச் சாதகம்" என்று எழுதினேன், அதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள். பொருள் வந்தது, கிடங்கில் இறங்கியது, பயன்படுத்தியும் முடித்தார்கள். சான்று மட்டும் வரவில்லை. அவர் மாதம் ஒருமுறை வருவார், ஒரு பிளாஸ்டிக் உறையில் டெலிவரி சலான் நகல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எங்கள் கிடங்கின் முத்திரை இருக்கும், வரவேற்பறை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருப்பார். எட்டு மாதம் ஆனது.

சட்டத்தைக் கேட்டால், காலக்கெடு சொல்லாத இடத்தில் நியாயமான காலம் என்று பல நாடுகளில் நீதிமன்றமே வாசித்துக்கொள்ளும், அவர் வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது, வழக்கு முடியும்வரை தாக்குப்பிடிக்கப் பணமும் கிடையாது. உரிமை இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் பலம் இருப்பது வேறு என்று எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் புரிந்தது. அந்த ஓரக்குறிப்பில் நான் எழுதியது சட்டப்படி தவறே இல்லை, ஆனால் எழுதியிருக்கக் கூடாது. "சான்றுக்கு 15 நாள் கெடு சேர்க்கவும்" என்று எழுத ஒரு வரி போதுமாக இருந்தது. பின்னாளில் நான் பார்த்த ஒப்பந்தங்களிலெல்லாம் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத்தான் மேலே போயிருக்கிறேன்.

சரி, ஒப்பந்தமே இல்லாதவர்களிடம் நமக்குக் கடமை உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பாட்டிலில் இருந்து வந்தது. 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு உணவகம். டோனஹியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். பாட்டில் இருண்ட கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்து விழுந்தது என்பது அவர் புகார், அதன் பிறகு உடம்புக்கு முடியாமல் போனது. இதில் சிக்கல் என்னவென்றால் பணம் கொடுத்து வாங்கியது தோழி. டோனஹியூவுக்கு உணவகத்தோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்த ஸ்டீவன்சனோடும் இல்லை. அன்றைய சட்டப்படி அவருக்குப் பெரும்பாலும் வழியே இல்லை. வழக்குச் செலவுக்கும் பணமில்லாத ஏழைதான் அவர், அதற்கான சலுகையோடு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போனார். 1932 மே 26 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. உன் செயலால் பாதிக்கப்படுவார்கள் என்று நீ நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அனைவரும் உனக்கு அண்டைவீட்டார், அவர்களிடம் உனக்குக் கவனக் கடமை உண்டு என்று லார்ட் ஆட்கின் எழுதினார். நத்தை உண்மையில் இருந்ததா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவே இல்லை, அதற்கு முன்பே வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நிறுவனம் தன்னிடம் நேரடியாக வாங்காதவர்களுக்கும் பொறுப்பு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். 1932-க்கு முன்னால் பாட்டிலை நன்றாகக் கழுவிய தயாரிப்பாளர்கள் இருந்திருப்பார்கள்தானே? அவர்களை எந்தத் தீர்ப்பும் கட்டாயப்படுத்தவில்லை. "சட்டப்படி சரி என்றால் போதாதா" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரடியான பதில் அந்த முகம் தெரியாத பாட்டில் கழுவியவர்கள்தான்.

அடுத்து நிறுவனம். நிறுவனம் என்பது அதை நடத்துகிறவர்களிலிருந்து வேறான ஒரு தனி நபர் என்பது எல்லாப் புத்தகத்திலும் முதல் வரி, ஆனால் அதன் கூர்மை சாலமன் வழக்கில்தான் தெரியும். லண்டனில் காலணி வியாபாரம் செய்த சாலமன் 1892-ல் தன் தொழிலைத் தானே தொடங்கிய நிறுவனத்துக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகள், 20,001 அவரிடம், மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. விலையின் ஒரு பகுதிக்காக 10,000 பவுண்டு கடன் பத்திரமும் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டார். தொழில் நொடித்தது. கடன் பத்திரத்துக்கு முதலிடம், அடமானம் இல்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சாலமனுக்கு எதிராகச் சொல்ல, பிரபுக்கள் அவை 1896 நவம்பரில் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது: நிறுவனம் சட்டப்படி பதிவானது, மோசடி இல்லை, அப்படியென்றால் நிறுவனம் வேறு சாலமன் வேறு.

இந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பொறுப்புக்கு ஒரு எல்லை இருப்பதால்தான் தங்கள் சொத்து முழுவதையும் பணயம் வைக்காமல் புதுத் தொழிலில் முதலீடு செய்ய மக்கள் துணிகிறார்கள். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் நஷ்டம் ஆவியாகிவிடுவதில்லை, அது சரக்குக் கொடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று எழுத வைத்திருப்பதே வெளியாட்களுக்கான எச்சரிக்கைதான். ஏமாற்றுவதற்காகவே நிறுவனம் என்ற திரையைப் போட்டால் நீதிமன்றம் அதை விலக்கிப் பார்க்கும். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை இழுக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த ஒரு மேலாண் இயக்குநர், வெளியே வந்து வேறொரு நிறுவனத்தின் பெயரில் அதையே செய்தபோது, 1933-ல் கில்ஃபோர்டு மோட்டார் வழக்கில் அவரையும் சேர்த்து, அந்த நிறுவனத்தையும் சேர்த்துத் தடுத்தார்கள்.

நிறுவனத்துக்கு வாயும் கையும் கிடையாது, அதற்காக இயக்குநர்களும் முகவர்களும் செயல்படுகிறார்கள். முகவர் தன் அதிகார எல்லைக்குள் செய்தது முதல்வரை, அதாவது அவரை நியமித்தவரை, கட்டுப்படுத்தும். எல்லைக்குள் இருப்பதாக முதல்வரே வெளியாரை நம்பவைத்திருந்தாலும் கட்டுப்படுத்தும். வேலையிலிருந்து நீக்கிய மேலாளரைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமல் விட்டால் அவர் போட்ட ஆர்டருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இயக்குநரின் முக்கியக் கடமை விசுவாசம், அதாவது தன் நலனும் நிறுவன நலனும் மோதுகிற இடத்தில் தன்னை விலக்கிக்கொள்வது. நலன் முரண் என்று எழுதி நாலு வரி விளக்கம் கொடுப்பதைவிட 2008 டிசம்பரில் சத்யம் என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லலாம். தலைவரின் குடும்பம் நடத்திய மேடாஸ் என்ற இரண்டு நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத தனி இயக்குநர்கள் இருந்தார்கள், கூட்டம் நடந்தது, தீர்மானம் நிறைவேறியது. பங்குதாரர்கள் கொதித்ததில் சில மணி நேரத்திலேயே திரும்பப் பெற்றார்கள். 2009 ஜனவரி 7-ல் வருடக்கணக்காகக் கணக்குகளில் பொய்யாகப் பணம் காட்டியிருப்பதாகத் தலைவரே கடிதம் எழுதினார். கூட்டக் குறிப்பேட்டில் எல்லாக் கையெழுத்தும் இருந்தால் விஷயம் சரி என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இனி அறப் பகுதி. புத்தகத்தில் மூன்று பார்வைகள் இருக்கும்: விளைவை வைத்து அளப்பது, பெந்தாம், மில். கடமையை வைத்து அளப்பது, கான்ட். குணத்தை வைத்து அளப்பது, அரிஸ்டாட்டில். இவற்றை மூன்று கட்சிகளாக நினைத்து எது சரி என்று தேட வேண்டாம், மூன்று கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். இதனால் யாருக்கு எவ்வளவு நன்மை, யாருக்கு எவ்வளவு தீமை? இதை எல்லோரும் செய்தால் தாங்குமா, ஒரு மனிதரை வெறும் கருவியாக்குகிறோமா? இதைச் செய்து செய்து நான் எப்படிப்பட்ட ஆளாகிறேன்?

முதல் கேள்வியோடு மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் ஃபோர்டு பின்டோ காரைச் சொல்வார்கள். பலர் அதைத் தவறாகவும் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் கவனம். 1970-களின் தொடக்கத்தில் வந்த அந்தச் சின்ன காரில் பெட்ரோல் தொட்டி பின்பக்கம் இருந்தது, பின்னாலிருந்து மோதினால் கிழிந்து தீப்பிடிக்கும் அபாயம். 1972-ல் கலிஃபோர்னியாவில் ஒரு விபத்தில் காரை ஓட்டிய பெண் இறந்தார், உடனிருந்த 13 வயதுச் சிறுவன் கடுமையாகத் தீக்காயப்பட்டான். சோதனைகளில் குறை தெரிந்திருந்தது, காருக்குச் சில டாலர் செலவில் சரிசெய்திருக்கலாம் என்ற சாட்சியம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜூரி தண்டனைத் தொகையாக 12.5 கோடி டாலர் விதித்தது, நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார், 1981-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பின்பக்க மோதலுக்கான அரசின் தர விதி 1977 மாடல் கார்களிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது, அதாவது அந்தக் கார் விற்கப்பட்டபோது அன்றைய விதியை மீறவில்லை.

ஃபோர்டு நிறுவனத்தின் அந்தப் பிரபலமான கணக்குக் குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு உயிருக்கு 2,00,000 டாலர், ஒரு தீக்காயத்துக்கு 67,000 டாலர், எரிந்த வண்டிக்கு 700 டாலர் என்று போட்டு, 180 சாவு, 180 காயம், 2,100 வண்டி எரிவதைத் தவிர்த்தால் மொத்த நன்மை 4.95 கோடி டாலர். வண்டிக்கு 11 டாலர் வீதம் 1.25 கோடி வண்டிகளுக்கு ஏறத்தாழ 13.7 கோடி செலவு. ஆகவே லாபமில்லை. இது பின்டோவுக்காகவே போட்ட ரகசியக் கணக்கு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அது வண்டி கவிழ்ந்து உருளும்போது எரிபொருள் கசிவதைப் பற்றி, எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் சேர்த்து, அரசுப் பாதுகாப்பு அமைப்புக்காகத் தயாரித்த கணக்கு. உயிருக்கு அந்த விலையைப் போட்டதும் அந்த அமைப்பே. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அந்தத் தாள் உறுத்துகிறது. சாலை போடுகிற அரசும் ஏதோ ஒரு வகையில் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எரியப்போகிறவர் எந்த இடத்திலும் உட்கார்ந்து "எனக்குச் சம்மதம்" என்று சொல்லவில்லை. கான்டின் கேள்வி அங்கேதான் வேலை செய்கிறது.

பக்கத்திலேயே 1982-ஐ வையுங்கள். சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள், கடைக்குப் போன பிறகு யாரோ சயனைடு கலந்திருக்கிறார்கள், யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. தயாரிப்பில் தவறில்லை. அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க ஏறத்தாழ 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, சுமார் 10 கோடி டாலர் செலவு, பிறகு மூன்று அடுக்கு முத்திரையோடு மறுபடி விற்பனைக்கு வந்தது. மருந்தில் கலப்படம் செய்வதைக் கடும் குற்றமாக்கும் தனிச் சட்டம் 1983-ல்தான் வந்தது. அதே நிறுவனம் பிற்காலத்தில் டால்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். நல்ல முடிவுகள் உண்டு, நிரந்தரமாக நல்ல நிறுவனம் என்று ஒரு சான்றிதழ் கிடையாது. கணக்கு மோசடியில் சிக்கிய அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், திவாலாவதற்கு முந்தைய வருடம் 64 பக்கத்தில் நெறிமுறைக் கையேடு அச்சிட்டு ஊழியர்களுக்குக் கொடுத்திருந்தது.

நிறுவனம் யாருக்காக என்ற கேள்வி கட்டாயம் வரும். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல் தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது என்று எழுதினார், மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் 1984-ல் ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர், சுற்றுப்புற மக்கள் எல்லோருமே கணக்கில் வர வேண்டும் என்றார். ஃப்ரீட்மனை எழுதும்போது பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சட்டத்திலும் அறவழக்கத்திலும் உள்ள அடிப்படை விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்ற நிபந்தனையையும் அவர் எழுதியிருக்கிறார். லாபம் மட்டும்தான் என்று அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் அந்தப் பகுதியைப் படித்ததே இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

தேர்வுக்கு ஒரே யோசனை. சூழ்நிலைக் கேள்வி வந்தால் பிரிவு எண்ணில் ஆரம்பிக்காதீர்கள். என்ன நடந்தது, எந்தக் கேள்வி எழுகிறது, எந்த விதி, அந்த விதி இந்த நடப்புகளில் எப்படிப் பொருந்துகிறது, கடைசியில் முடிவு, இந்த வரிசையில் எழுதுங்கள். மதிப்பெண் பெரும்பாலும் நான்காவதில்தான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் மேசைக்கு வரப்போகிற ஒன்று. கணக்காண்டு முடிந்துவிட்டது, விற்பனை இலக்கு கொஞ்சம் குறைகிறது, உங்கள் மேலதிகாரி குனிந்து மெதுவாகச் சொல்வார்: "இந்த இன்வாய்ஸைப் போன வாரத் தேதி போட்டு எடுத்துடுங்க, பொருள் எப்படியும் போகத்தான் போகுது." அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்கவும் மாட்டார். அந்த நேரத்தில் பெந்தாமும் கான்ட்டும் நினைவுக்கு வர மாட்டார்கள். முகம் கொடுத்துச் சண்டை போடவும் தேவையில்லை. "சரி சார், இதை ஒரு மெயிலா போட்டுடுங்க, ஃபைல்ல வெச்சுக்கிட்டு செஞ்சுடறேன்" என்று மட்டும் கேளுங்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு தடவை அந்த மெயில் வருவதில்லை, இன்வாய்ஸும் அதன் உண்மையான தேதியிலேயே போய்விடும். மெயில் வந்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு கணக்குத் தணிக்கை பார்க்கிறவரிடம் போங்கள், போவதற்கு முன் நடந்ததைத் தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.